ஆட்டத்துக்கு முன் நெய்ச்சோறு

முட்டி தேய்ந்து, சர்க்கரைக்கு ஒன்று கொதிப்புக்கு ஒன்று என்று மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்களே, உங்கள் வீட்டிலும் இது நடக்கிறதா? என் பேரன் சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எங்கோ குளிர் நாட்டில் ஒரு டீம் பந்து ஆடுவதைச் செல்போனில் பார்க்கிறான். அந்த ஊர்ப் பெயரைச் சரியாகச் சொல்லக்கூட அவனுக்கு வராது. ஆனால் அந்த டீம் தோற்றால் பிள்ளைக்குச் சோறு இறங்குவதில்லை. இந்த வருஷம் அவர்கள் வரிசையாகத் தோற்றுக்கொண்டே இருக்கிறார்கள்போல. "ஓடுடா டேய், ஓடித் தொலடா!" என்று போனைப் பார்த்துக் கத்துகிறான். போன வாரம் அடுப்படிக்கே வந்துவிட்டான்.

"நன்னி, இவனுங்களுக்கு ஆட இஷ்டமே இல்ல. எவன்கிட்டயோ காசு வாங்கிட்டானுங்க."

"நீ பாத்தியா?"

"பாக்கணுமா? ஆடுறதப் பாத்தாலே தெரியுதே."

அவனை அனுப்பிவிட்டு நான் அடுப்பைத் தணித்தேன். அது என் அத்தாவின் குரல். அவனுடைய கொள்ளுத்தாத்தா, இவன் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே மௌத்தாகிவிட்டவர். அதே எரிச்சல், அதே தீர்ப்பு. ஆடுகிறவனைப் பார்த்தாலே அவன் மனசு தெரிந்துவிடும் என்கிற அதே நம்பிக்கை.

அத்தா எங்கள் தெரு டீமோடு அலைந்த காலத்தில் எனக்குப் பத்து வயது. தாவணி போடாத பெண் என்பதால் அத்தாவோடு மைதானத்துக்குப் போக முடிந்தது. அடுத்த வருஷம் அதை நிறுத்திவிட்டார்கள். ஆகவே நான் நேரில் பார்த்த கால்பந்தெல்லாம் அந்த ஒரு பருவத்துக் கால்பந்துதான். அதில் எங்கள் டீம் ஒரு முறையாவது ஜெயித்து நான் பார்த்ததில்லை.

கடலூர் ஓ.டி. என்கிற பழைய நகரத்தில் துறைமுகத்துக்குத் திரும்புகிற முனையில் அத்தா சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். கருவாட்டு வாசம், எண்ணெய்ச் செக்கிலிருந்து வரும் பிண்ணாக்கு வாசம், ரயிலடியிலிருந்து வரும் கரிப் புகை எல்லாம் கலந்த காற்று அது. அந்தக் காற்றையே விரட்டிவிடும் எங்கள் கடை நெய்ச்சோற்று வாசம். அத்தா வாழ்நாளில் பந்தைக் காலால் தொட்டவரில்லை. சின்ன வயதிலேயே கரண்டி பிடித்தவர். ஆனால் தெருப் பையன்கள் சேர்ந்து ஒரு டீம் வைத்தபோது, கடையைவிட அந்த டீம்தான் அவருக்குப் பெரிதாகிப்போனது.

டீமுக்குச் சட்டை வாங்க வழியில்லாமல் வெள்ளைப் பனியன்களைப் பச்சைச் சாயத்தில் முக்கி எடுத்தது என் அம்மா. சாயம் நிற்கவே இல்லை. ஆட்டம் முடிந்து பையன்கள் பனியனைக் கழற்றினால் கழுத்தும் மார்பும் பச்சையாக இருக்கும். பந்து தோல் பந்து. வாயைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஈரத்தில் கனத்துப் போன அந்தப் பந்தைத் தலையால் முட்டினால் நெற்றியில் கயிற்றின் தடம் பதிந்துவிடும். என் அண்ணன் நெற்றியில் அந்தத் தடத்தைத் தடவிப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். அந்தப் பந்து எங்கே போனது, அதற்குக் காற்றடித்த பம்பு எங்கே போனது, யாருக்கும் தெரியாது.

அண்ணன் லெஃப்ட் அவுட், இடது ஓரத்தில் ஓடுகிறவன். பத்தொன்பது வயது, ஒல்லி உடம்பு. காலையில் கடையில் வெங்காயம் உரித்துவிட்டு மாலையில் கடற்கரை மணலில் ஓடுவான். கேப்டன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். கோல் காக்கிற கோலி, மாதா கோயில் தெருவைச் சேர்ந்தவர், வலை பின்னுகிற வீட்டுப் பிள்ளை. மற்றவர்களை நான் பெயரில்லாமல்தான் நினைவில் வைத்திருக்கிறேன். பச்சைப் பனியன்கள், அவ்வளவுதான்.

முதல் பாதியில் எங்கள் பிள்ளைகள் சிங்கம். எதிராளியைத் திணற அடிப்பார்கள். ஒரு கோலாவது போட்டுவிடுவார்கள். அத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எல்லாரையும் ஒரு பார்வை பார்ப்பார். ஹாஃப் டைம் முடிந்து உள்ளே போனதும் ஏதோ ஆகிவிடும். கால் எழும்பாது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார்கள். பந்து பக்கத்தில் உருண்டு போகும், யாரோ தெரிந்தவர் தெருவில் போவதைப்போலப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எதிராளி வரிசையாகக் கோல் போடுவான்.

அத்தா கோட்டுக்கு வெளியே இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தபடி கரித்துக் கொட்டுவார்.

"ஏன்டா, கால்ல என்ன வேரா வுட்டுடுச்சி? நகருடா! டேய் கோலி, குனிஞ்சா கொறஞ்சா போயிடுவ? பந்து வருதுடா, பொண்ணு பாக்கவா வருது? சோறு திங்கிறீங்களா வேற ஏதாச்சும் திங்கிறீங்களாடா?"

சோறுதான் தின்றார்கள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஆட்டம் சாயங்காலம் நாலு மணிக்கு என்றால், மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்த கையோடு அத்தா டீமை உட்கார வைத்துவிடுவார். நெய்ச்சோறு, ஆட்டுக்கறி, தாளிச்சா. எங்கள் வழக்கப்படி சஹனில்தான் சாப்பாடு. சஹன் என்பது பெரிய வட்டத் தட்டு. நடுவில் சோற்றைக் குவித்து, சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிட வேண்டும். கூட உட்கார்ந்தவர்கள் முடிக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. சஹனில் சோற்றை மிச்சம் வைக்கக் கூடாது. விருந்து கொடுப்பவரோ தட்டு காலியாவதைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார், குறையக் குறைய வைத்துக்கொண்டே இருப்பார். இதையெல்லாம் சேர்த்து யோசித்துப் பாருங்கள். எழுந்திருக்கவும் முடியாது, மிச்சம் வைக்கவும் முடியாது, அத்தாவின் கரண்டியும் ஓயாது.

"சாப்டுங்கடா, ஓடுறவனுக்குத் தெம்பு வேணும். டேய் கேப்டன், கறிய ஒதுக்காத, எலும்போட எடு."

"போதும் பாய்."

"என்னா போதும்? இப்பிடித் தின்னா எப்பிடிடா பந்து ஓதப்ப?"

அத்தா நெற்றி வியர்வை சோற்றில் விழாமல் முழங்கையால் துடைத்துக்கொண்டே பரிமாறுவார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் எந்தப் பெருநாளிலும் பார்க்கவில்லை. பையன்களும் பாவம். வீட்டில் பழைய சோறும் கருவாடுமாக இருந்தவர்கள். முதலில் ஆசையாகத்தான் தின்பார்கள். பிறகு மரியாதைக்காகத் தின்பார்கள். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, மூச்சு வாங்க, கடமையாகத் தின்பார்கள். கை கழுவும்போது கோலியின் பச்சைப் பனியன் வயிற்றில் இறுக்கிப் பிடித்திருக்கும்.

அம்மா ஒருமுறை கேட்டேவிட்டது. "வயித்த ரொப்பிட்டு வெயில்ல எப்புடிங்க ஓடுவானுங்க?"

"நீ பந்து ஆடியிருக்கியா?" என்றார் அத்தா.

அவரும் ஆடியதில்லை என்று அம்மா சொல்லவில்லை. நம் அம்மாமார்கள் எங்கே சொன்னார்கள்?

அண்ணாகிராமத்தில் ஒரு ஆட்டம். முந்திரி பூத்திருந்த நேரம், மைதானம் முழுக்க அந்த இனிப்பும் காட்டமுமான வாசம். இரண்டாவது பாதியில் கேப்டன் கார்னர் கொடியைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டு வாந்தி எடுத்தார். ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். அத்தாவின் முகம் செத்துப்போனது.

"சாராயத்தப் போட்டுட்டு வந்து என் மானத்த வாங்குறான் பாரு" என்றார், பக்கத்தில் இருந்தவர்கள் காதில் விழும்படி.

கேப்டன் குடிக்கிறவர் இல்லை. தண்ணீர்ச் செம்பைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்தான். அவர்மேல் சாராய நாற்றம் அடிக்கவில்லை. நெய்யும் பட்டையும் கிராம்புமாக எங்கள் கடை வாசம்தான் அடித்தது. "ஒடம்பு சரியில்ல பாய்" என்று மட்டும் சொன்னார். அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் அவரே வந்து சஹனில் உட்கார்ந்தார். குடிகாரன் என்ற பெயரைச் சுமந்துகொண்டு, அத்தா வைத்ததையெல்லாம் தின்றார். அன்றைக்கும் தோற்றோம்.

அண்ணன் சாடையாகச் சொல்லிப் பார்த்தான்.

"அத்தா, இந்தத் தடவ மேட்ச் முடிஞ்சி சாப்புடறமே. முன்னாடி ஆளுக்கு ரெண்டு வாழப்பழம் போதும்."

"வாழப்பழமா? நான் என்ன கொரங்கா வளக்குறேன்?" கடையே சிரித்தது. அத்தா சிரிக்கவில்லை. "என் கடையில அடுப்பு எரியறவரைக்கும் என் டீமு வெறும் வயித்தோட எறங்காது" என்றார்.

கடைசி ஆட்டம் சிதம்பரத்தில். அந்த வருஷம் ஒன்றுகூட ஜெயிக்காவிட்டால் டீமைக் கலைத்துவிடுவது என்று தெருவில் பேசி முடித்திருந்தார்கள். அண்ணனுக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. சிதம்பரம் டீமின் பயிற்சிக்காரர் கைகாட்டினால் மெட்ராஸில் ஆடவும் இடம் கிடைக்கும், வேலையும் கிடைக்கும் என்று பேச்சு. அவர் அண்ணனை முன்பே ஒரு ஆட்டத்தில் கவனித்திருந்தார். முழு ஆட்டத்தையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். அண்ணன் அதை அம்மாவிடம் அடுப்படியில் வைத்துச் சொன்னான். ஜெயித்துவிட்டு அத்தாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தான்.

பாசஞ்சர் ரயிலில் போனோம். வாயில் துணி கட்டிய பெரிய தேக்சாப் பாத்திரம் இரண்டு, சஹன்கள், கரண்டி, எல்லாம் எங்களோடு ஏறின. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை என்று வண்டி நின்று நின்று போயிற்று. பெட்டி முழுக்க நெய் வாசம். சிதம்பரத்தில் இறங்கியதும் பயிற்சிக்காரர் பிளாட்பாரத்துக்கே வந்திருந்தார். கழுத்தில் விசில் தொங்க, அண்ணன் தோளில் கையைப் போட்டு ஓரமாக அழைத்துப்போனார். நாங்கள் தேக்சாவை இறக்கிவைக்கும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தா ஒரு கைப்பிடியைப் பிடித்தபடியே அதைப் பார்த்தார்.

மைதானத்துக்கு வெளியே தூங்குமூஞ்சி மர நிழலில் பாய் விரித்துச் சஹன் வைத்தார். எல்லாரும் உட்கார்ந்தார்கள். அண்ணன் உட்காரவில்லை.

"பசிக்கல அத்தா. நீங்க குடுங்க அவுங்களுக்கு."

"வந்து ஒக்காருடா."

"இல்ல அத்தா. வேணாம்."

தள்ளிப்போய் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டத் தொடங்கினான். கேப்டனும் கோலியும் இன்னொருவரும் உட்கார்ந்த சஹனில் நாலாவது பக்கம் காலியாக இருந்தது. அந்தப் பக்கத்துச் சோறு அப்படியே குவியலாக நின்றது. அத்தா அதையே பார்த்தார். பிறகு மற்ற மூவரையும் அதையும் சேர்த்துத் தின்ன வைத்தார்.

அன்றைக்கு அண்ணன் ஆடினதைப்போல நான் யாரும் ஆடிப் பார்த்ததில்லை. பேரனின் செல்போனில் வரும் கோடீஸ்வரர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முதல் பாதியில் கோட்டை ஒட்டியே ஓடி, இரண்டு பேரைக் கழித்து ஒரு கோல் போட்டான். சிதம்பரத்துக்காரர்களே கைதட்டினார்கள். நான் குதித்தேன். அத்தா குதிக்கவில்லை, துண்டை முறுக்கிக்கொண்டு நின்றார்.

இரண்டாவது பாதியில் வழக்கம்போல எங்கள் டீம் நின்றுபோனது. அண்ணன் மட்டும் ஓடினான். முன்னால் ஓடினான், பின்னால் ஓடினான், நடுவில் வந்து பந்தைப் பிடுங்கினான். அவர்கள் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தார்கள். ஆட்டம் முடிய இருந்த நேரத்தில் மறுபடியும் வந்தார்கள். எங்கள் ஃபுல் பேக் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். அந்த முனையிலிருந்து மைதானம் முழுவதும் ஓடி வந்தது அண்ணன் மட்டும்தான். வந்து, சறுக்கிக் காலை நீட்டினான். பந்து அவன் பூட்ஸில் பட்டு எங்கள் வலைக்குள்ளேயே போனது.

சேம் சைடு கோல். மற்றவர்கள் யாராலும் அதைப் போட்டிருக்க முடியாது. மற்றவர்கள் யாரும் அங்கே வந்து சேரவில்லை.

விசில் ஊதியதும் பயிற்சிக்காரர் நேரே அத்தாவிடம் வந்தார். "பாய், உங்க பையன எங்ககிட்ட வுடுங்க. நல்லா வருவான். மெட்ராஸ்ல நான் சொல்லி வுடறேன்" என்றார். எதார்த்தமாகத்தான் சொன்னார்.

"அதான் ஏற்கனவே சோறு போட்டு வாங்கிட்டீங்களே" என்றார் அத்தா.

அவருக்குப் புரியவில்லை. அத்தா அவரை விட்டுவிட்டு அண்ணனிடம் போனார். அண்ணன் மண்ணில் உட்கார்ந்திருந்தான், முழங்காலில் ரத்தம்.

"யாரு சோத்தடா தின்ன?"

"யாரு சோத்தயும் தின்னல அத்தா."

"எங்கிட்ட வேணாம்னுட்டு ஓடுறான் பாரு, குதிர மாரி! இவனுங்கள்லாம் நிக்கறானுங்க, நீ மட்டும் ஓடுற. சும்மாவா ஓடுன? ஓடி வந்து நம்ம கோல்லயே போட்டியே, அதுக்கா இவன் ஸ்டேஷனுக்கு வந்து தோள்ல கை போட்டான்?"

"அத்தா, சத்தியமா..."

"ஜெர்சியக் கழட்டு."

அத்தனை பேர் முன்னால் கழற்றினான். மார்பெல்லாம் பச்சை.

"நான் உசுரோட இருக்கறவரைக்கும் நீ பந்தத் தொடக் கூடாது. எந்த டீமுலயும்" என்றார் அத்தா.

மறுபடியும் ரயில் ஏறினோம். காலித் தேக்சாவில் ஒட்டியிருந்த தாளிச்சா புளித்து நாறியது. அண்ணன் அம்மாவின் பழைய சேலையை, தேக்சாவின் வாயில் கட்டியிருந்ததை, உதறித் தோளில் போர்த்திக்கொண்டு வாசலருகே நின்றான். வெள்ளாற்றுப் பாலத்தில் கேப்டன் எழுந்து அத்தாவுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். "பாய்..." என்றார். அத்தா நிமிர்ந்து பார்த்தார். கேப்டன் வாயைத் திறந்து, மூடி, பாலத்துக்கு வெளியே தண்ணீரைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். உண்மை அந்தப் பெட்டியில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். வருஷம் முழுவதும் அந்த மனிதரின் சோற்றைத் தின்றுவிட்டு, உங்கள் சோறுதான் எங்களைத் தோற்கடித்தது என்று எந்த வாயால் சொல்வார்கள்? எனக்கு அவர்கள்மேல் இன்றுவரை கோபம் உண்டு. அது நியாயமில்லாத கோபம் என்றும் தெரியும்.

டீம் கலைந்தது. பனியன்களை அம்மா கரித்துணியாக்கிவிட்டது. அத்தா அண்ணனை அடித்ததுமில்லை, வீட்டைவிட்டுப் போகச் சொன்னதுமில்லை. ஆனால் சாப்பிட வா என்று அவனை அழைப்பதை நிறுத்திவிட்டார். கடைக்கு வருகிற வழிப்போக்கனையெல்லாம் உபசரிக்கிறவர், மகனைக் கூப்பிடவில்லை. அண்ணன் அத்தா எழுந்து போனபின் அடுப்படியில் அம்மா கையால் சாப்பிடுவான். கொஞ்ச காலத்தில் சவுதிக்கு டிரைவர் வேலைக்குப் போனான். அங்கே வெள்ளிக்கிழமைகளில் நம்மூர்ப் பிள்ளைகள் மணலில் பந்து ஆடுவார்களாம். இவன் அவர்களுடைய செருப்புக்கும் கைக்கடிகாரத்துக்கும் காவல் இருப்பானாம். பந்து இவன் பக்கம் வந்தால் கையால் எடுத்து எறிவானாம். கூட இருந்தவர் ஒருவர் ஊருக்கு வந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஒரு விடுமுறையில் நானே அவனிடம் கேட்டேன். எனக்கு அப்போது கல்யாணமாகிக் குழந்தைகள் இருந்தன.

"அன்னிக்கி ஏண்ணே சாப்புடல?"

"சாப்ட்டா ரெண்டாவது பாதியில வயிறு புடிச்சிக்கும்மா. ஒரே ஒரு மேட்ச், முழுசா ஆடிப் பாத்துடணும்னு இருந்துச்சி."

"அத அத்தாகிட்டச் சொல்லித் தொலச்சிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்றது? நீங்க போட்ட சோறாலதான் அத்தன மேட்சும் தோத்தோம்னா?" என்றான். "அவுரு பந்தா ஆடுனாரு? அவுரு ஆடுன ஆட்டம் அந்தச் சோறு ஒண்ணுதானே."

இவர்கள் இரண்டு பேரையும் சேர்த்து அறைய வேண்டும்போல இருந்தது.

அத்தா படுத்த படுக்கையானபோது அண்ணன் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டான். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் அவன்தான். அத்தாவுக்குக் கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. பேச்சும் குறைந்துவிட்டது. ஒரு நாள் சாயங்காலம் அஸர் பாங்கு சொல்லி ஓய்ந்த நேரம். நான் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் ஈரத் துணியால் அவர் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தான். அத்தா கண்ணைத் திறந்து அவனையே பார்த்தார்.

"அன்னிக்கி எங்கடா சாப்ட்ட?"

எந்த நாள் என்று அண்ணன் கேட்கவில்லை. "எங்கயும் சாப்புடல அத்தா" என்றான்.

"பொய் சொல்லாத. வெறும் வயித்துல ஒருத்தன் அப்பிடி ஓட முடியுமா? என்னா ஓட்டம்டா அது." மூச்சு வாங்கியது. "சொல்லு. நான் போறதுக்குள்ள சொல்லிடு."

நான் வாயைத் திறந்தேன். அண்ணன் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினான். துணியை மடித்துக் கிண்ணத்தின் விளிம்பில் வைத்தான்.

"சாப்ட்டேன் அத்தா."

"அவுங்ககிட்டதான?"

"ஆமா."

அத்தா கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"என்னா போட்டானுங்க?"

"நெய்ச்சோறு."

"கறியா, கோழியா?"

"கறி அத்தா."

அவருடைய விரல்கள் போர்வையின் மேல் அசைந்தன. அண்ணன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நம்ம சோறு மாரி இருந்துச்சா?"

"இல்ல அத்தா" என்றான் அண்ணன். "நம்ம சோறு மாரி இல்ல."